எர்ன்ஸ்ட் அபே: தூரக்கண்ணாடிக்குத் தோள் கொடுத்தவர்

பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டு அலமாரியில், சாமி படங்களுக்குக் கீழ்த்தட்டில், ஒரு பழைய பைனாகுலர் இருக்கிறது. தாத்தா அதைத் தூரக்கண்ணாடி என்றுதான் சொல்வார். சுங்கைப் பட்டாணிக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவின் காவல்காரராக அவர் வேலை பார்த்தார். அந்த வெள்ளைக்காரத் துரை நாடு திரும்பும்போது தாத்தாவிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். தாத்தா மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தோட்டமும் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தூரக்கண்ணாடி மட்டும் எங்களோடு நகரத்துக்கு வந்துவிட்டது.

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் அதை எடுத்துத் துடைத்தேன். தோல் உறை அங்கங்கே உரிந்திருக்கிறது. கறுப்புச் சாயம் போன இடங்களில் பித்தளை தெரிகிறது. செய்தவர் பெயரும் ஆண்டும் தேய்ந்து போய்விட்டன. 6 × 30 என்ற எண்கள் மட்டும் பாதி தெரிகின்றன. இது யார் செய்தது, எப்போது செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னை ஜெர்மனியில் பிறந்த ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகனிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் பெயர் எர்ன்ஸ்ட் அபே. அவரைப் பற்றி நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நின்றுகொண்டே சாப்பிட்ட அப்பா

எர்ன்ஸ்ட் அபே 1840ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஜெர்மனியின் ஐசனாக் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அங்கிருந்த ஒரு நூற்பாலையில் வேலை செய்தார். வேலை நேரம் ஒரு நாளைக்கு 14 மணி நேரம். வேலை அதிகமாக இருந்தால் 16 மணி நேரம். இடையில் சாப்பாட்டுக்கென்று ஓய்வு கிடையாது.

ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரை அபேயும் அவருடைய தங்கையும் மாறி மாறி அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவார்கள். அப்பா இயந்திரத்தில் சாய்ந்து நின்றபடியே அவசர அவசரமாகச் சாப்பிடுவார். காலிப் பாத்திரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்த அடுத்த நொடியே வேலைக்குத் திரும்பிவிடுவார். அவர் நல்ல உயரமும் உடற்கட்டும் கொண்ட மனிதர். ஆனால், நாற்பத்தெட்டு வயதிலேயே கிழவரைப்போல் ஆகிவிட்டார். அவரைவிட வலுக்குறைந்த தொழிலாளர்கள் இன்னும் முன்னதாகவே தளர்ந்துபோனார்கள். இந்தக் காட்சியை அபே சாகும்வரை மறக்கவில்லை. அறுபது வயதைக் கடந்த பிறகும், வேலை நேரத்தைப் பற்றி ஆற்றிய ஓர் உரையில் இதை நினைவுகூர்ந்தார்.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் ஞாபகம் வந்தது. பாட்டி விடியற்காலையில் பிரட்டுக்குப் போய்விடுவார். பிறகு வெட்டுக்காட்டில் மரம் சீவிக்கொண்டிருப்பவருக்கு என் அப்பாதான் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோவாராம். நம்மில் பல குடும்பங்களில் இப்படி ஒரு தூக்குச்சட்டிக் கதை இருக்கும். நாடு வேறு, ஆலை வேறு. சாப்பாட்டைச் சுமந்துபோன பிள்ளைகள் ஒன்றுதான்.

முதலாளியின் உதவியில் படிப்பு

அபே படிப்பில் கெட்டிக்காரர். அவருடைய திறமையைக் கண்ட ஆலை முதலாளி படிப்புக்கு உதவி செய்தார். 1857இல் பள்ளிப்படிப்பை முடித்த அபே, முதலில் யேனா பல்கலைக்கழகத்திலும் பிறகு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும் இயற்பியலும் கணிதமும் படித்தார். வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வு செய்து, 1861இல் இருபத்தொரு வயதிலேயே முனைவர் பட்டம் பெற்றார். 1863இல் யேனாவுக்கே விரிவுரையாளராகத் திரும்பினார். தமக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் கார்ல் ஸ்னெல்லின் மகள் எல்சாவை 1871இல் திருமணம் செய்துகொண்டார். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

ஒரு தொழிலாளியின் மகன் பேராசிரியராவது அந்தக் காலத்தில் அரிதான செய்தி. ஆனால், அந்தப் படிப்பு ஒரு முதலாளியின் நல்ல மனத்தால் கிடைத்தது என்பதை அபே வேறு விதமாகவும் யோசித்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அந்த மனம் இல்லாத ஒரு முதலாளியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்விக்கு அவர் அளித்த பதில் பல ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது.

கணக்குப் போட்டு லென்ஸ் செய்தவர்

யேனா நகரில் கார்ல் ஸைஸ் என்பவர் 1846 முதல் ஒரு பட்டறை நடத்திவந்தார். அங்கே நுண்ணோக்கிகள் செய்தார்கள். அந்தக் காலத்தில் நல்ல லென்ஸ் என்பது கைராசியைப் பொறுத்தது. தொழிலாளி கண்ணாடியைத் தேய்ப்பார், பொருத்திப் பார்ப்பார், சரியில்லை என்றால் மறுபடியும் தேய்ப்பார். ஒன்று நன்றாக அமையும், அடுத்தது அமையாது. எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல முடியாதா என்று ஸைஸ் ஏங்கினார். 1866இல் அவர் அபேயின் உதவியை நாடினார். அப்போது அபேயின் வயது இருபத்தாறு.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அபேயின் முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. லென்சின் ஓரங்கள் வழியாக வரும் ஒளிதான் படத்தைக் கெடுக்கிறது என்று கருதி, ஒளி நுழையும் கோணத்தைக் குறைத்து ஒரு புதிய லென்சைக் கணக்கிட்டார். கணக்கில் பிழையே இல்லை. ஆனால், அந்த லென்சில் தெரிந்த படம், கைராசியில் செய்த பழைய லென்சின் படத்தைவிட மோசமாக இருந்தது. நுட்பமான கோடுகள் எல்லாம் மறைந்துபோயின.

வேறு ஒருவராக இருந்தால் வேலை செய்தவரைக் குறை சொல்லியிருப்பார். அபே தம் கருத்தையே சந்தேகித்தார். மிகச் சிறிய பொருளின் மீது படும் ஒளி வளைந்து பரவுகிறது. அப்படிப் பரவும் ஒளியை எவ்வளவு அகலமாக லென்ஸ் அள்ளிக்கொள்கிறதோ அவ்வளவு நுட்பமாகப் படம் தெரியும் என்று கண்டுபிடித்தார். 1873இல் இந்த விளக்கத்தை வெளியிட்டார். ஒளியைக் கொண்டு பார்க்கும் நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே அதனால் பிரித்துக் காட்ட முடியாது என்பது அதிலிருந்து வந்த முடிவு. இன்றும் அறிவியல் மாணவர்கள் இதை அபே எல்லை என்று படிக்கிறார்கள். அந்தச் சூத்திரத்தை யேனாவில் அவருடைய நினைவுக் கல்லிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

1872 வாக்கில் ஸைஸ் பட்டறையின் நுண்ணோக்கி லென்சுகள் எல்லாம் அபேயின் கணக்குப்படியே செய்யப்பட்டன. காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்த ராபர்ட் கோக், அபேயின் கணக்கில் உருவான லென்சையும் ஒளி குவிக்கும் அமைப்பையும்தான் பயன்படுத்தினார். 1870களின் நடுவிலேயே ஸைஸ் அவரைத் தம் தொழிலில் பங்காளியாக்கிக்கொண்டார். பெர்லினில் பெரிய பதவிக்கு அழைப்பு வந்தபோதும் அபே யேனாவை விட்டுப் போகவில்லை.

அவருக்கு இன்னொரு குறை இருந்தது. கணக்கு சரியாக இருந்தாலும் அதற்கேற்ற கண்ணாடி கிடைக்கவில்லை. 1879இல் ஓட்டோ ஷாட் என்ற இளம் கண்ணாடி வேதியியலாளர் அவருக்குக் கடிதம் எழுதினார். இருவரும் கைகோத்தார்கள். 1884இல் யேனாவில் ஒரு கண்ணாடித் தொழிற்கூடம் உருவானது. அங்கே உருவான புதிய வகைக் கண்ணாடிதான் அடுத்த கதைக்கு, அதாவது எங்கள் வீட்டு அலமாரிக் கதைக்கு, வழி திறந்தது.

தூரக்கண்ணாடிக்குத் தோள் எப்படி வந்தது?

பழைய தூரக்கண்ணாடிகளில் இரண்டு பெரிய சாதிகள் உண்டு. ஒன்றை நாடகம் பார்க்கும் கண்ணாடி என்பார்கள். நேரான இரண்டு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்ததுபோல் இருக்கும். முன்னால் குவிவில்லை, கண்ணுக்கு அருகில் குழிவில்லை. கலிலியோ காலத்து அமைப்பு இது. படம் நேராகத் தெரியும். ஆனால், இரண்டு மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் காட்சி சுருங்கிவிடும்.

கண்ணுக்கு அருகிலும் குவிவில்லையை வைத்தால் காட்சி அகலும், பெருக்கமும் கூடும். ஆனால், படம் தலைகீழாகிவிடும், இடமும் வலமும் மாறிவிடும். நட்சத்திரம் பார்ப்பவருக்கு அதனால் நட்டமில்லை. கப்பல் பார்ப்பவருக்கு அது உதவாது.

இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ இதற்கு 1854இல் ஒரு வழி கண்டார். எஸ்.பி.எம். இயற்பியலில் முழு அகப் பிரதிபலிப்பு என்று படித்திருப்பீர்கள். ஒரு செங்கோணக் கண்ணாடிப் பட்டகத்துக்குள் நுழையும் ஒளி, உள்ளேயே இரண்டு முறை பட்டுத் திரும்பி, வந்த திசைக்கே போகும். இப்படி இரண்டு பட்டகங்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால், ஒன்று மேல் கீழைச் சரிசெய்யும், மற்றொன்று இடம் வலத்தைச் சரிசெய்யும். அதோடு ஒளி உள்ளுக்குள்ளேயே மடிந்து மடிந்து போவதால் நீண்ட குழாயும் தேவைப்படாது. யோசனை அருமையானது. ஆனால், அன்றைய கண்ணாடி தெளிவாக இல்லாததால் அது பரவவில்லை.

போர்ரோவின் வேலையைப் பற்றித் தெரியாமலேயே அபேயும் 1870களில் இதே வழியைக் கண்டார். மாதிரி ஒன்றையும் செய்து பார்த்துவிட்டு, நல்ல கண்ணாடி இல்லை என்று ஒதுக்கி வைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, ஷாட்டின் கண்ணாடி கையில் வந்தபிறகு, மறுபடியும் அதை எடுத்தார். 1893இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் போர்ரோ முந்திக்கொண்ட செய்தி அவருக்குத் தெரியவந்தது.

ஆனால், அபேயின் அமைப்பில் போர்ரோவிடம் இல்லாத ஒன்று இருந்தது. பட்டகங்களால் ஒளி பக்கவாட்டில் நகர்கிறது அல்லவா? அந்த நகர்வைப் பயன்படுத்தி, முன்பக்க வில்லைகள் இரண்டையும் கண்களின் இடைவெளியைவிட அகலமாக அவர் தள்ளி வைத்தார். நம் கண்களுக்கு இடையே சுமார் 65 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. முன்வில்லைகள் அதைவிட அகன்று நின்றால், கண்கள் அகன்று நிற்பதுபோல் ஆகிவிடும். முன்னால் இருக்கும் மரம், பின்னால் இருக்கும் மரம், அதற்கும் பின்னால் இருக்கும் மலை எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். இந்த அகன்ற அமைப்புக்குத்தான் காப்புரிமை கிடைத்தது. 1894இல் ஸைஸ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோளை விரித்து நிற்கும் மனிதரைப்போன்ற அந்த உருவம்தான் இன்றுவரை பைனாகுலர் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது.

நுண்ணோக்கிக்கு அபே செய்த மேம்பாடுகளுக்கு இப்படிக் காப்புரிமை கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும் உதவும் கருவியை யாரும் பூட்டிவைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். தூரக்கண்ணாடி சந்தைப் பொருள், அதற்குப் பூட்டுப் போடலாம் என்று கருதினார்.

எங்கள் வீட்டுக் கண்ணாடியை எப்படி அடையாளம் கண்டேன்?

உங்கள் வீட்டிலோ பழைய சாமான் கடையிலோ இப்படி ஒன்று கிடைத்தால், வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

முதலில் உருவம். நேர்க்குழாய் என்றால் கலிலியோ வகை. தோள் விரிந்து, முன்வில்லைகள் அகன்று நின்றால் அபேயின் வழி வந்தது. எங்களுடையது தோள் விரிந்தது. ஸைஸின் உரிமைக்காலம் 1908இல் முடிந்தது. அதன் பிறகுதான் மற்ற நிறுவனங்கள் இந்த உருவத்தைத் தாராளமாகச் செய்தன.

அடுத்து எண்கள். 6 × 30 என்றால் ஆறு மடங்கு பெருக்கம், முன்வில்லையின் விட்டம் 30 மில்லிமீட்டர். முப்பதை ஆறால் வகுத்தால் 5. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மில்லிமீட்டர் என்று அர்த்தம். மங்கலான அந்தி வெளிச்சத்திலும் இது கைகொடுக்கும்.

மூன்றாவது, குவியம் சரிசெய்யும் விதம். நடுவில் ஒரு சக்கரம் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து நகரும். எங்களுடையதில் சக்கரம் இல்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருக வேண்டும். தூசியும் மழைநீரும் உள்ளே புகுவதை இது குறைக்கும் என்பதால் இராணுவங்கள் இந்த வகையை விரும்பின. வலது கண் வழியாகப் பார்த்தால் உள்ளே மெல்லிய அளவுக்கோடுகளும் தெரிகின்றன. தூரத்துப் பொருள்களின் இடைவெளியை அளப்பதற்காக இராணுவக் கருவிகளில் வைக்கப்பட்டவை அவை.

நான்காவது, வில்லையில் தெரியும் நிழல். விளக்கின் பிம்பம் நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால், வில்லைக்கு மேலே மெல்லிய பூச்சு உண்டு. ஒளி வீணாகத் தெறிப்பதைத் தடுக்கும் அந்தப் பூச்சை 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்தார். எங்களுடையதில் பிம்பம் வெறும் வெள்ளை. எனவே, பூச்சு எங்கும் பரவுவதற்கு முந்தைய காலத்தது.

ஐந்தாவது, முத்திரைகள். பட்டகத்தை மூடும் தகட்டில்தான் செய்தவர் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். எங்கள் தகட்டில் பெயர் இல்லாவிட்டாலும் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடுவதுபோன்ற அது, பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் அடையாளம். அதன் முனையைத் தொட்டபடி தலைகீழாக இன்னோர் அம்பும் இருக்கிறது. அரசு தனக்கு வேண்டாம் என்று விற்றுவிட்ட பொருளில் அப்படிக் குறிப்பார்கள்.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், எங்கள் தூரக்கண்ணாடி பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க்காலம் வரையிலான ஏதோ ஓர் ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவத்துக்காகச் செய்யப்பட்டு, பிறகு விற்கப்பட்டு, துரையின் கைக்கு வந்து, கடைசியில் தாத்தாவிடம் சேர்ந்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மனியோடு போர் செய்த படையின் கழுத்தில் தொங்கியது ஒரு ஜெர்மானியர் வகுத்த உருவம்.

சொத்தை விட்டுக்கொடுத்தவர்

1888இல் கார்ல் ஸைஸ் காலமானார். நிறுவனத்தின் பெரும் பொறுப்பு அபேயின் கைக்கு வந்தது. அவர் அப்போது பெரும் பணக்காரர். இந்தப் பணம் யாருடையது என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழகத்தின் அறிவாலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் கைத்திறனாலும் வந்த இலாபத்தைத் தாம் ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை என்று முடிவு செய்தார். 1889இல் கார்ல் ஸைஸ் அறவாரியத்தைத் தொடங்கினார். அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1891இல் ஸைஸ் நிறுவனத்திலும் கண்ணாடித் தொழிற்கூடத்திலும் தமக்கிருந்த பங்குகளை அந்த அறவாரியத்துக்கே எழுதிக்கொடுத்தார். அதன் பிறகு அவர் அந்த நிறுவனத்தின் சம்பளம் வாங்கும் இயக்குநர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

1896இல் அறவாரியத்தின் சட்டவிதிகளை அவரே எழுதினார். தொழிலாளர்களுக்கு ஓய்வூதியம், நோய்க்கால உதவி, சம்பளத்தோடு விடுமுறை, இலாபத்தில் பங்கு என்று பல விதிகள் அதில் இருந்தன. பதவி கொடுக்கும்போது பிறப்பையோ மதத்தையோ கட்சியையோ பார்க்கக்கூடாது என்றும் இருந்தது. நிர்வாகத்தில் மிக உயர்ந்த இடத்தில் இருப்பவரும், தொழிலாளரின் சராசரி ஆண்டு வருமானத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் சம்பளம் பெறக்கூடாது என்று ஒரு வரம்பும் இருந்தது.

இவை எல்லாம் முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் தருமமாக இருக்கக்கூடாது, தொழிலாளி சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமையாக இருக்கவேண்டும் என்பதில் அபே பிடிவாதமாக இருந்தார். முதலாளியின் தயவால் படித்த பையன், அந்தத் தயவே தேவைப்படாத ஓர் இடத்தை உருவாக்கினார். முன்பு நான் எழுப்பிய கேள்விக்கு இதுதான் அவர் அளித்த பதில்.

1900ஆம் ஆண்டு ஏப்ரலில் யேனா தொழிற்சாலையில் வேலை நேரம் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைந்தது. உற்பத்தி விழுந்துவிடும் என்று பலர் பயந்தார்கள். அபே அறிவியலாளர் அல்லவா? இதையும் அளந்து பார்த்தார். செய்த வேலைக்கு ஏற்பக் கூலி பெறும் 233 தொழிலாளர்களின் கணக்கை, மாற்றத்துக்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலை 16.2 விழுக்காடு கூடியிருந்தது. ஒன்பது மணி நேரத்தில் செய்ததைவிட எட்டு மணி நேரத்தில் 3.3 விழுக்காடு அதிகமாகவே செய்து முடித்திருந்தார்கள். களைப்பு என்பது சோம்பல் அல்ல, அது உடலின் கணக்கு என்று அவர் காட்டினார். இயந்திரத்தில் சாய்ந்து நின்று சாப்பிட்ட அப்பாவுக்காக அவர் போட்ட கணக்கு என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

யேனா மக்களுக்காகப் பொது வாசகசாலையும், கூட்டங்களும் கலை நிகழ்ச்சிகளும் நடத்த மக்கள் மன்றமும் அவருடைய முயற்சியால் எழுந்தன. ஆனால், பிறருக்கு எட்டு மணி நேரம் வகுத்தவர் தமக்கு அப்படி வகுத்துக்கொள்ளவில்லை. ஓயாத வேலை அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது, உடலையும் கெடுத்தது. 1903இல் பொறுப்பிலிருந்து விலகினார். 1905ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருக்கையில், யேனாவில் மறைந்தார். 1911இல் அங்கே அவருக்கு ஒரு நினைவு மண்டபம் எழுப்பப்பட்டது.

ஜெராய் மலையைப் பார்த்தபோது

என் அப்பா பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நம் நாட்டுச் சட்டத்தில் வழக்கமான வேலை நேரம் எட்டு மணிதான். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் ஆகிவிட்டது. ஆனால், வீட்டுக் கடனும் என் படிப்புச் செலவும் இருப்பதால் அப்பா மிகைநேர வேலையையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறார். இரவு வேலை வாரங்களில் நாங்கள் கல்லூரிக்கும் பள்ளிக்கும் கிளம்பும் நேரத்தில்தான் அவர் வீடு திரும்புவார்.

விடுமுறையில் ஒரு நாள் காலை, அவர் வந்ததும் தூரக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வாசலில் நின்று ஜெராய் மலைப் பக்கம் பார்த்தார். மேகம் விலகிய நேரம் அது. முன்னால் இருக்கும் செம்பனை மரங்கள், அதற்குப் பின்னால் வீடுகள், அதற்கும் பின்னால் மலைச்சரிவு என்று அடுக்கடுக்காகத் தெரிவதாகச் சொன்னார். தாத்தா சின்ன வயதில் ஒரே ஒரு முறை இதில் பார்க்க விட்டாராம். நான் அவருக்கு அபேயின் கதையைச் சொன்னேன். நூற்பாலை, சாப்பாட்டுப் பாத்திரம், அகன்ற தோள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எட்டு மணி நேரக் கணக்கைச் சொன்னபோது மட்டும், அது எந்த வருடம் என்று கேட்டார். 1900 என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கண்ணாடியைப் பத்திரமாக உறையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனார். மாலையில் மறுபடியும் வேலைக்குப் போகவேண்டும்.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் படித்து நாளை மேலாளராக, பொறியியலாளராக, முதலாளியாகக்கூட ஆவோம். அப்போது நமக்குக் கீழே வேலை செய்பவர் நம் அப்பாவைப்போல் ஒருவராகவே இருப்பார். தூக்குச்சட்டி சுமந்த கையை மறக்காத ஒருவர், அந்த நினைவைச் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த முறை தோள் விரிந்த ஒரு பழைய தூரக்கண்ணாடியைக் கண்டால், கையில் எடுத்துப் பாருங்கள். அதை வகுத்த மனிதரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.